கிண்டிலை அரிசி டிரம்மில் ஒளித்துவைத்த கணவருக்கு

வாசகர் கடிதம், சுருக்கமாக:

பின்னலாடைத் தொழில் நடக்கும் ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். பேரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது 41, பனியன் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. மனைவிக்கு 38, அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி 12 வருஷம். நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு பையன். கூடவே இவருடைய அம்மா.

மனைவிமேல் பெரிய புகார் எதுவும் இல்லை. "எல்லா வேலையும் பார்க்கிறாள், என் அம்மாவின் சர்க்கரை மாத்திரையைக்கூட அவள்தான் நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறாள்" என்கிறார். ஒரே ஒரு விஷயம்தான் இவருக்குப் பிடிபடவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு அடுப்படியைத் துடைத்துவிட்டு அந்தம்மா கிண்டிலை, அதாவது மின்புத்தகம் படிக்கும் கருவியை, கையில் எடுத்தால் பதினொன்று வரை கீழே வைப்பதில்லை. படிப்பதெல்லாம் ட்ராகன், மந்திரவாதி, வேற்றுக்கிரகம், காலப்பயணம். சனிக்கிழமை ராத்திரி லேப்டாப்பில் அதே ரகத்தில் சீரீஸ். கல்லூரித் தோழிகளோடு ஒரு வாட்ஸ்அப் குழு வேறு. அதில் எந்த ராஜா எந்த ராஜ்யத்தின்மேல் படையெடுப்பான் என்று மணிக்கணக்கில் விவாதம்.

போன கல்யாண நாளுக்கு "புடவை எல்லாம் வேண்டாம், என்கூட உட்கார்ந்து ஒரே ஒரு எபிசோட் பாருங்கள்" என்று கேட்டிருக்கிறார். இவரும் உட்கார்ந்திருக்கிறார். இருபது நிமிஷம் போனதும் கை தானாக போனைத் தேட, திரும்பிப் பார்த்தால் மனைவி கண்ணில் தண்ணீர். "ரெக்கை முளைச்ச பல்லி செத்ததுக்கா இவ்வளவு அழுகை?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். அவர் லேப்டாப்பை மூடிவிட்டார். இது நடந்து எட்டு மாசம் ஆகிறது.

இரண்டு மாசத்துக்கு முன்னால் இன்னொன்று. கிண்டிலை எடுத்து அரிசி டிரம்மில் புதைத்துவைத்துவிட்டு, கேட்பார், சண்டை வரும், அந்தச் சாக்கில் பேசித் தீர்த்துவிடலாம் என்று காத்திருந்திருக்கிறார். அவர் கேட்கவே இல்லை. நான்கு நாள் பரீட்சைப் பேப்பரைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் இவரே திரும்ப எடுத்து மேஜையில் வைத்திருக்கிறார். அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. எடுத்து, மேலே ஒட்டியிருந்த அரிசித் தவிட்டைத் துடைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டாராம்.

கேள்விகள் நான்கு. இது வாழ்க்கையிலிருந்து தப்பித்து ஓடுவதா, மனநலப் பிரச்சினையா? பையன் கெட்டுப்போவானா? அண்ணி சொல்வதுபோல இதைக் கண்டித்து நிறுத்த வேண்டுமா? கடைசியாக, வேறு மையில் எழுதியிருப்பது: "எனக்கும் இதைப் பிடிக்க வைத்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா? எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்."

என் பதில்:

நண்பரே, உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது ட்ராகனைப் பற்றிய வரிகளை இல்லை. "அதற்கப்புறம் அவள் அந்தக் கதைகளைப் பற்றி என்னிடம் பேசுவதே இல்லை, வீடு நிம்மதியாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் என் பேனா நின்றது. ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவர் நீங்கள். வருஷக்கணக்கில் வந்துகொண்டிருந்த ஒரு சரக்கு திடீரென்று வராமல் போனால் ரேக் காலியாக, சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவீர்களா? எங்கே நின்றுபோச்சு என்று விசாரிப்பீர்கள் இல்லையா?

கல்யாண நாள் அன்று உங்கள் மனைவி கேட்டது ஒரு எபிசோட் மாதிரித் தெரிந்தாலும் அது ஒரு அழைப்பு. எனக்குள்ளே ஒரு அறை இருக்கிறது, வந்து எட்டிப் பாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதுமணத் தம்பதிகளை வருஷக்கணக்கில் கவனித்து இதைக் கணக்கெடுத்திருக்கிறார். "அந்தப் பறவையைப் பாருங்களேன்" என்கிற மாதிரிச் சின்னச் சின்ன அழைப்புகளை ஒருவர் விடும்போது மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா, கண்டுகொள்ளாமல் விடுகிறாரா என்பதுதான் கணக்கு. ஆறு வருஷம் கழித்தும் சேர்ந்து வாழ்ந்தவர்கள், ஆரம்பத்தில் நூற்றுக்கு 86 அழைப்புகளுக்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33-க்கு மட்டும். பறவை பிடித்ததா இல்லையா என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

உடனே பயந்துவிடாதீர்கள். ஒரு அழைப்பை மிதித்ததால் குடும்பம் உடையாது. ஆனால் உங்கள் மனைவி கிண்டிலைக் காணோம் என்று கேட்காதது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. சண்டை போடுகிறவரிடம் எதிர்பார்ப்பு மிச்சம் இருக்கும். அவர் உங்களிடம் கேட்கவே இல்லை. எடுத்தது யார் என்று தெரிந்திருக்கும். அரிசித் தவிடு சொல்லியிருக்கும்.

தப்பித்து ஓடுகிறாரா?

கற்பனைக் கதை படிப்பவர்களைப் பற்றி ஊரெல்லாம் சொல்வது இது. ஆங்கிலத்தில் மாயக்கதைகளுக்கு மூத்தவர் என்று சொல்லத்தக்க டோல்கீன், 1939-ல் ஸ்காட்லாந்தில் ஒரு சொற்பொழிவில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதன் சாரம்: போர்க்களத்தைவிட்டு ஓடும் சிப்பாயும் தப்பிப்பதாகத்தான் சொல்கிறோம், சிறையிலிருப்பவன் வெளியே போவதை நினைப்பதையும் தப்பிப்பதாகத்தான் சொல்கிறோம், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

உங்கள் மனைவியின் நாளை நீங்கள் எழுதியதை வைத்தே கூட்டிப் பார்த்தேன். ஐந்தேகாலுக்கு எழுந்து சமையல், பள்ளியில் ஆறு பீரியட், சாயங்காலம் பையனின் வீட்டுப்பாடம், உங்கள் அம்மாவின் மாத்திரை, ராத்திரிச் சாப்பாடு. ஒன்பதரை வரை அவர் எங்கேயும் ஓடவில்லை. எல்லா இடத்திலும் ஆஜர். மிச்சம் ஒன்றரை மணி நேரம். அதில் அவர் வேறொரு உலகத்துக்குப் போய்வருவதை மனநலப் பிரச்சினை என்று சொல்ல என்னால் முடியாது.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூக்கம் கெட்டுக் காலையில் எழுந்திருக்க முடியாமல் போவது, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் படிப்பது, பிள்ளை கூப்பிட்டால் எரிந்துவிழுவது, முன்பு பிடித்திருந்த மற்ற எதிலும் ஆசை விட்டுப்போவது, நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்று அவரே சொல்வது. இவற்றில் ஒன்றிரண்டு வாரக்கணக்கில் நீடித்தால் ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. புத்தகமா, போனா, சீட்டுக்கட்டா என்பதைப் பொறுத்த விஷயம் இல்லை இது. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. நீங்கள் கிண்டிலை எடுத்து மறைத்த நான்கு நாளும் அவர் சாதாரணமாகப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார் என்று நீங்களே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

"இல்லாத ஒன்றுக்கு அழுகிறாள்" என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதே டோல்கீனைப் பற்றி இன்னொன்று சொல்கிறேன். 1917-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம் ஒரு காட்டுவெளியில் அவர் மனைவி ஈடித் அவருக்காக ஆடிக் காட்டினார். அதிலிருந்துதான் லூதியன் என்ற தேவதை இளவரசியும், அவளைக் காதலித்த பெரன் என்ற மனிதனும் பிறந்தார்கள். 1971-ல் ஈடித் இறந்தபோது கல்லறைக் கல்லில் அவர் பெயருக்குக் கீழே லூதியன் என்று பொறிக்கச் சொன்னார் கணவர். இரண்டு வருஷத்தில் அவரும் போனார்; அவர் பெயருக்குக் கீழே பெரன். ஆக்ஸ்ஃபோர்டில் இன்றைக்கும் அந்தக் கல் இருக்கிறது. இல்லாத ஆட்கள்தான் இரண்டு பேரும். உங்கள் மனைவி எந்த ட்ராகனுக்காக அழுதாரோ, அதற்குள் யாரை வைத்து அழுதார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கேட்டால் தெரியும்.

"இது பசங்க சமாச்சாரம் இல்லையா?"

இப்படி ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு டீச்சர், அதுவும் ஒரு பெண், இதைப் படிப்பது உங்களுக்கு விசித்திரமாக இருக்கிறது. அறிவியல் புனைகதையின் முதல் நாவல் என்று பலரும் சொல்வது, பிணத்துண்டுகளைச் சேர்த்து ஒருவன் உயிர் உண்டாக்கும் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதை. 1816-ல் அதை எழுத ஆரம்பித்தபோது மேரி ஷெல்லிக்கு 18 வயது.

அதைவிட எனக்குப் பிடித்த கதை நம் பக்கத்தில் இருக்கிறது. 1905-ல் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் வங்காளத்துப் பெண் எழுத்தாளர் ரொக்கையா ஒரு கதை எழுதினார். பெயர் 'சுல்தானாவின் கனவு'. அதில் ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள்ளே, பெண்கள் வெளியே. பெண்கள் நடத்தும் பல்கலைக்கழகங்களில் ஒன்று மேகத்திலிருந்து நேரே தண்ணீர் இறக்கக் கண்டுபிடிக்கிறது, இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. எதிரிப் படை வரும்போது அந்த வெப்பத்தையே திருப்பிவிட்டு ஓட வைக்கிறார்கள். சமையல்கூட வெயிலில்தான்.

ரொக்கையாவின் கணவர் பாகல்பூரில் அரசு அதிகாரி. வேலையாக வெளியூர் போயிருந்த இரண்டு நாளில், பொழுது போக வேண்டுமே என்று எழுதியதுதான் இந்தக் கதை. திரும்பி வந்தவர், என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டிருக்கிறார். கையெழுத்துப் பிரதியை நீட்டியிருக்கிறார் மனைவி. உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, "பயங்கரமான பழிவாங்கல்!" என்றாராம். 120 வருஷத்துக்கு முந்தைய ஒரு கணவர், ஆண்களைப் பூட்டிவைக்கும் கதையை நின்றுகொண்டே படித்திருக்கிறார். அவருக்கு விண்வெளி பிடித்ததா, விஞ்ஞானம் பிடித்ததா என்று யாருக்குத் தெரியும். மனைவி என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கும் ஆசை இருந்தது.

ஒரு பொய்யைக் கடனாகக் கொடுங்கள்

இனி உங்கள் நான்காவது கேள்வி. பிடிக்க வைத்துக்கொள்ள முடியுமா? பாதி முடியும்.

இந்த மாதிரிக் கதை பார்க்கும்போது நீங்கள் செய்வது என்னவென்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. "அவ்வளவு பெரிய உடம்பை அந்த ரெக்கை எப்படித் தூக்கும்?" என்று முதல் நிமிஷத்திலேயே கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான், நேரம்தான் தப்பு. இந்த வகைக் கதை ஆரம்பத்தில் உங்களிடம் ஒரு பொய்யைக் கடனாகக் கேட்கும். தயங்காமல் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அந்தக் கடனுக்கு ஒழுங்காக வட்டி கட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். கட்டினால் நல்ல கதை. வட்டி கட்டாமல் நடுவில் இன்னும் இரண்டு பொய்யைக் கடன் கேட்டால் மோசமான கதை. அப்போது தாராளமாகத் திட்டலாம், உங்கள் மனைவியே சேர்ந்து திட்டுவார்.

உதாரணத்துக்கு, எச்.ஜி.வெல்ஸ் 1897-ல் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதன் கதை. ஒரே ஒரு பொய்தான்: ஒருவன் தன் உடம்பை மறைய வைக்கக் கற்றுக்கொண்டான். அதற்கப்புறம் எல்லாம் கறார் கணக்கு. உடம்புதான் மறையும், சட்டை மறையாது. ஆகவே லண்டன் குளிரில் அம்மணமாக நடக்க வேண்டும். சாப்பிட்டால் செரிக்கும் வரை சோறு வயிற்றில் தெரியும். சேற்றில் கால் வைத்தால் தடம் விழும், தெருப் பையன்கள் தடத்தைப் பிடித்துத் துரத்துவார்கள். நாய்க்குக் கண் எதற்கு, மூக்குப் போதும். மறைந்து போனால் எவ்வளவு சுகம் என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்கு, கடைசியில் ஒரு மனிதன் எவ்வளவு தனியாகிப் போகிறான் என்று தெரியும். மாயம் அதில் ஒரு சாக்கு.

ஸ்டாக் டேலி ஆகிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் தொழில். அந்தக் கண்ணோடு இந்தக் கதைகளைப் பாருங்களேன்.

இன்னொரு ரகசியம் சொல்லட்டுமா? உங்களுக்கு இது புதுசும் இல்லை. உங்கள் வயதுக்காரர்கள் பலர் ராணி காமிக்ஸைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்கு 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் முழுக்க மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். என் அண்ணன் கரண்ட் பெட்டியில் கையை வைக்கப்போய் அப்பாவிடம் வாங்கிய அறை எங்கள் வீட்டில் இன்றைக்கும் பிரசித்தம். அம்புலிமாமாவில் வேதாளம் முருங்கை மரம் ஏறியபோது "பிணம் எப்படிப் பேசும்?" என்று யாராவது கேட்டோமா? விக்கிரமாதித்தன் என்ன பதில் சொல்லப்போகிறான் என்றுதானே காத்திருந்தோம்.

எதில் தொடங்குவது?

அவர் படிக்கும் தொடரில் தொடங்காதீர்கள். பத்துப் பாகம், ஒவ்வொன்றும் 800 பக்கம், முதல் பக்கத்தில் வரைபடம், பின்னால் வம்சாவளி. நானே அசந்துபோவேன். மனைவிமேல் பாசம் பொங்கி முதல் பாகத்தை எடுத்து, நாற்பதாம் பக்கத்தில் தூங்கி, "எனக்கு இதெல்லாம் வராது" என்று கைவிட்ட கணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சிறுகதை கேளுங்கள். "அரை மணி நேரத்தில் முடிகிற மாதிரி, உனக்குப் பிடித்த ஒன்று கொடு" என்று கேளுங்கள். எதைக் கொடுக்கிறார் என்பதே உங்களுக்கு நிறையச் சொல்லும்.

ஆங்கிலம் சிரமம் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் சுஜாதா இருக்கிறார். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும் பேச்சுக்கு ஆங்கிலமும் வேண்டாம், விஞ்ஞானமும் வேண்டாம்.

படமாகப் பார்க்கலாம் என்றால் உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது: 'தி மார்ஷியன்', 2015-ல் வந்தது, ஆண்டி வியர் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. செவ்வாய் கிரகத்தில் ஒருவன் தனியாக மாட்டிக்கொள்கிறான். மந்திரமும் இல்லை, ட்ராகனும் இல்லை. ஆறு பேருக்காகக் கொண்டுவந்த சாப்பாடு இருப்பில் எவ்வளவு, ஒரு ஆள் தின்றால் எத்தனை நாள் வரும், உருளைக்கிழங்கு விதைத்தால் எத்தனை நாள் கூடும், அதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது. முழுப் படமும் ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர்தான். நீங்கள் நடுவில் எழுந்து கணக்குச் சரிபார்த்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். உங்கள் மனைவிக்கும் கணக்குத்தானே பாடம்.

பார்க்கும்போது ஒரு மரியாதை. போன் அடுத்த அறையில் இருக்கட்டும். கேள்வி கேளுங்கள், ஆனால் "இது எப்படி நடக்கும்?" வேண்டாம். "இதில் உனக்கு யாரைப் பிடிக்கும்?", "நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இரண்டு நிமிஷத்துக்குமேல் நீண்டால் குறுக்கே பேசாதீர்கள். அவர் எட்டு மாசமாகச் சேர்த்துவைத்தது வெளியே வரும்.

இப்படியெல்லாம் செய்தும் பிடிக்காமல் போகலாம். போகட்டும். நடிக்க வேண்டாம், நடித்தால் கணக்கு டீச்சர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை பூராவும் பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு உட்காருவார். இருபது வருஷமாகிறது, கண்டென்சர் எது, ரெசிஸ்டர் எது என்று எனக்கு இன்னும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் சாயங்காலம் "என்ன, ஸ்டேஷன் பிடித்ததா?" என்று கேட்பேன். கரகரப்புக்கு நடுவில் சிலோன் மாதிரி ஏதோ கேட்டால் கூப்பிட்டுக் காட்டுவார். நானும் கரண்டியோடு போய் நின்று கேட்பேன். எனக்கு ரேடியோ பிடித்துவிட்டதா என்றால் இல்லை.

ஒன்று விட்டுப்போச்சு. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், ஐபிஎல் நடக்கும் இரண்டு மாசமும் ஒரு ஆட்டம் விடாமல் பார்ப்பதாகவும், மஞ்சள் ஜெர்சி மூன்று இருப்பதாகவும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டம், ஆட்டத்துக்கு மூன்றரை மணி நேரம். பதினொரு பேர் ஒரு நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, யாரோ எழுதிவைத்த விதிப்படி பந்தைத் துரத்துகிறார்கள். கடைசி ஓவரில் தோற்றால் நீங்கள் ராத்திரி சாப்பிடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எல்.பி.டபிள்யூ. விதியை உங்கள் மனைவிக்கு எத்தனை முறை விளக்கியிருப்பீர்கள்? ஒரு தடவையாவது அவர் "பந்து காலில் பட்டதுக்கா இவ்வளவு வருத்தம்?" என்று சிரித்திருக்கிறாரா?

கண்டிப்பது, செலவு, அம்மா, பையன்

அண்ணி சொல்வதைக் கேட்காதீர்கள். வயது வந்த, சம்பாதிக்கிற ஒரு பெண் என்ன படிக்க வேண்டும் என்று முடிவு செய்ய உங்களுக்கு உரிமை கிடையாது. அவருக்கும் உங்கள் விஷயத்தில் கிடையாது. போன வருஷம் புத்தகத்துக்கு 3,200 ரூபாய் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். மாசத்துக்கு 270 ரூபாய்கூட ஆகவில்லை, அதுவும் அவர் சம்பளத்திலிருந்து. வீட்டுச் செலவில் துண்டு விழுந்தால் இரண்டு பேர் செலவையும் ஒன்றாக மேஜையில் வைத்துப் பேசலாம். ஜெர்சியையும் சேர்த்துத்தான்.

கிண்டிலை எடுத்து ஒளித்தது விளையாட்டு மாதிரித் தோன்றியிருக்கும். தன் பொருள் தன் வீட்டில் பத்திரமில்லை என்று ஒருவர் நினைக்க ஆரம்பித்தால், அடுத்து எதையெல்லாம் மறைத்துவைக்கலாம் என்று யோசிப்பார். அவர் போனைத் திறந்து அந்த வாட்ஸ்அப் குழுவைப் படித்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அதில் இருக்கப்போவது ராஜாக்களும் படையெடுப்பும்தான். ஆனால் நீங்கள் படித்தது தெரிந்தால் இழப்பது வேறு.

அம்மா "இந்த வயசில் பூதக்கதை" என்று பேசும்போது நீங்கள் சும்மா இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை "இருக்கட்டும்மா, அவளுக்குப் பிடிச்சிருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது உள்ளே இருக்கிறவருக்கும் கேட்கும். அம்மாவோடு வாதாடத் தேவையில்லை.

பையனைப் பற்றிய பயம் வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கதை எது, நிஜம் எது என்று நன்றாகவே தெரியும். கையில் குச்சியை வைத்துக்கொண்டு உங்களைத் தவளையாக மாற்றப் பார்த்தானாம். மாறாததைப் பார்த்து அவன் ஏமாந்தானா என்ன? நீங்கள் ஒரு தடவை தவளை மாதிரிக் கத்தியிருந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு மூன்று பேரும் சிரித்திருப்பீர்கள்.

இப்போது என்ன செய்வது

சிறுகதை, சினிமா எல்லாம் அப்புறம். முதலில் மன்னிப்பு. அதைச் சுற்றிவளைத்துச் செய்யாதீர்கள், புத்தகம் வாங்கிக்கொடுத்து ஈடுகட்டவும் பார்க்காதீர்கள். ஒன்பதரைக்கு அடுப்படியை நீங்கள் துடையுங்கள். அவர் கிண்டிலை எடுக்கும் முன்னால் எதிரில் உட்கார்ந்து, "அரிசி டிரம்மில் போட்டது நான்தான், கல்யாண நாள் அன்னைக்குச் சிரிச்சதும் தப்பு" என்று சொல்லுங்கள். "விளையாட்டுக்குத்தான்" என்று வால் ஒட்ட வேண்டாம்.

அவர் உடனே உருகிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். "தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விடலாம். கோபமாக நாலு வார்த்தை கேட்கவும் கேட்கலாம். கேட்டால் நல்லது, வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் ஒரு நாள், அந்த ட்ராகனுக்குப் பேர் என்ன என்று கேளுங்கள். நிச்சயம் ஒரு பேர் இருக்கும்.